திரும்பிப் பார்த்த ஆடு

கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சகங்களில் அன்று காலை ஒரே இழவு வீட்டுச் சத்தம். சிஸ்டத்தைத் திறந்தால் கிளியைக் காணோம், மயிலைக் காணோம், வருஷக்கணக்காக வடக்கே விலைபோய்க்கொண்டிருந்த யானை மார்க்கையும் காணோம். எந்த லேபிளைத் தட்டினாலும் ஒரே ஒரு ஆடுதான் வந்து நின்றது. கரிசல் காட்டில் போய்க்கொண்டிருந்த செவலை ஆடு ஒன்று கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறது. மேலே 'செவலை ஆடு' என்று கொட்டை எழுத்து. அப்படி ஒரு தீப்பெட்டி எந்தக் கடையிலும் கிடையாது.

ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, ராமசுப்பு அண்ணாச்சியின் அச்சகத்தில் லேபிள் வரைகிற வெயிலுகந்தம்மாளுக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். தம்பி உயிரோடு இருக்கிறான். அவளுக்கு வேறென்ன வேண்டும்?

தம்பி இசக்கிபாண்டியை அந்த அச்சகத்துக்குக் கூட்டி வந்ததே அவள்தான். புதூர்ப் பக்கம் வானம் பார்த்த ஊர் அவர்களுக்கு. மழை பெய்தால் உளுந்து, பெய்யாவிட்டால் ஆடு. அவள் திக்கித் திணறிக் கற்ற கம்ப்யூட்டரை அவன் விளையாட்டுப்போலக் கற்றுக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது, லேபிளுக்கு ஆகும் என்று ஆட்டைப் போனில் படம் எடுக்கப் போனான். ஆடுகளுக்கு அது தெரியுமா? எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு போயின.

"யக்கா, நீ கூப்பிடு. நீ கூப்பிட்டாத்தான் அது திரும்பும்."

அவள் கையை உயர்த்தி, "ஏ செவலை!" என்றாள். ஆடு திரும்பிப் பார்த்தது. அவன் எடுத்துவிட்டான். அதைப் பார்த்து அவன் வரைந்ததுதான் அந்த லேபிள். கூப்பிட்டவள் படத்துக்கு வெளியே நிற்கிறாள் என்பது இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

லேபிளைப் பார்த்து அண்ணாச்சி முகத்தைச் சுளித்தார். "யாவாரத்துக்குக் கிளம்புத சரக்குல திரும்பிப் பாக்குத ஆடாலே? வெளங்குமா? கிளம்புனது முன்னால பாத்துப் போகணும். கொண்டு போ."

லேபிள் தள்ளுபடி ஆனது. அதைக்கூடப் பொறுத்திருப்பான். அடுத்த மாதமே எங்கிருந்தோ வந்த பென்டிரைவில் ஒரு வைரஸ் ஒட்டிக்கொண்டு வந்து அச்சகத்துப் படங்களைத் துடைத்துப் போட்டுவிட்டது. பழி அவன் தலையில் விழுந்தது. லேபிளைத் தள்ளிய கோபத்தில் வேண்டுமென்றே செய்தான் என்று அண்ணாச்சி எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்து, வெளியே போ என்றார். அவன் செய்யவில்லை. செய்யவில்லை என்று சொல்லவும் இல்லை. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான்.

வெயிலு வாசலுக்கு ஓடி வந்தாள். கூப்பிட வாய் திறந்தாள். கிளம்பிப் போகிறவனைப் பின்னால் நின்று கூப்பிட்டால் போகிற காரியம் உருப்படாது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த வாய் அது. போகிற இடத்திலாவது அவன் நல்லா இருக்கட்டும் என்று மூடிக்கொண்டாள். தெருமுனையில் அவன் ஒரு நொடி தயங்கினான். அவள் கூப்பிடவில்லை. அவன் திரும்பவில்லை. ஊர் உலகத்தில் சாஸ்திரம் பார்த்துக் கெட்ட குடும்பங்களைக் கணக்கெடுத்தால், கோள் மூட்டிக் கெட்டவை பிச்சை வாங்க வேண்டும்.

முதலில் சென்னையிலிருந்து பேசினான். பிறகு பெங்களூரிலிருந்து எப்போதாவது பேசினான். பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பொம்பளைக் குரல் சொன்னது. எட்டு வருஷமாக அதே குரல். வெயிலு அதே அச்சகத்தில்தான் வேலை பார்த்தாள். வைராக்கியம் பார்த்தால் அடுப்பு எரியுமா? ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா பெத்தம்மாள் முதல் கேள்வியாக, "இசக்கி பேசுனானாட்டி?" என்பாள். அதற்கு மேல் கேட்கமாட்டாள். இருக்கிறானா என்று கேட்கத் தாய்க்குப் பயம்.

இப்போது ஆடு வந்துவிட்டது. செய்யாத குற்றத்துக்கு அறை வாங்கியவன் அதைச் செய்தே காட்டிவிட்டான். அண்ணாச்சி திரையை உற்று உற்றுப் பார்த்தார்.

"எங்கயோ பாத்தாப்ல இருக்கே வெயிலு?"

"ஆடுன்னா எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கும் அண்ணாச்சி" என்றாள்.

அவர் விட்டுவிட்டார். தள்ளியவருக்கு எது ஞாபகம் இருக்கும்? தள்ளப்பட்டவனுக்குத்தான் இருக்கும்.

லேபிள்காரர்கள் சங்கம் கூடியது. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். போலீஸ் பிடிக்கும்போது பிடிக்கட்டும், நாம் ஒரு சன்மானம் அறிவிப்போம் என்று முடிவானது. வைரஸ் எழுதியவனைக் காட்டிக்கொடுப்பவருக்கு ஒரு லட்ச ரூபாய். நோட்டீஸ் அடிக்கும் வேலை சங்கத்துச் செயலாளரான அண்ணாச்சிக்கு வந்தது. அவர் அதை வெயிலுவிடம் தந்தார்.

"ஆட்டையும் போடு. பாத்தவொடன எவனுக்கும் தெரியணும். போன்ல எல்லாப் பக்கமும் அனுப்பப் போறோம். பெங்களூரு வரைக்கும் போகணும்."

பெங்களூர் என்ற வார்த்தையில் அவள் மனசு போய் ஒட்டிக்கொண்டது. ஒன்றை மறைப்பதற்கில்லை: காட்டிக்கொடுத்துவிடலாமா என்றுகூட அவள் யோசித்தாள். பணத்துக்காக இல்லை. பிடித்து வந்தால் இந்த ஊர்க் கோர்ட்டுக்குத்தான் கொண்டுவருவார்கள். போலீஸ் வேனிலிருந்து இறங்கும்போது முகத்தைப் பார்க்கலாம். இளைத்திருக்கிறானா, தாடி வைத்திருக்கிறானா என்று தெரிந்துவிடும். அப்புறம் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். பார்க்கிற ஆசைக்குத் தம்பியை உள்ளே தள்ளுகிறவளும் ஓர் அக்காவா?

வேறொரு யோசனை வந்தது. நோட்டீஸ் எப்படியும் அவன் கண்ணில் படும். அதில் தான் இருந்தால் போதாதா?

ஆட்டை அவன் வரைந்தபடியே வரைந்தாள். படத்தை மட்டும் கொஞ்சம் அகலமாக்கி, ஓரத்தில் கையை உயர்த்தி நிற்கிற ஒரு சின்னப் பெண்ணைப் போட்டாள். கீழே அண்ணாச்சி சொன்னபடி, ஒரு லட்ச ரூபாய் சன்மானம் என்று சிவப்பில் எழுதினாள். சங்கத்து நம்பரையும் போட்டாள்.

"இது யாரு?" என்றார் அண்ணாச்சி.

"ஆட்டுக்காரி அண்ணாச்சி. ஆடு சும்மாவா திரும்பும்?"

"நல்லாத்தான் இருக்கு" என்று அவரே போனில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

அந்த வாரம் ஊருக்குப் போனவள் அம்மா கேட்பதற்குள் முந்திக்கொண்டாள். "இசக்கி நல்லா இருக்கான்ம்மா. வந்துருவான்."

"ஆரு சொன்னா?"

"எனக்குத் தெரியும்."

பெத்தம்மாள் எழுந்து போய், மகனுக்குப் பிடிக்கும் என்று உளுந்து ஊறப்போட்டாள். வருகிற நாள் தெரியாதவனுக்கு உளுந்து ஊறப்போடுகிற பைத்தியத்தை என்னவென்று சொல்வது? வெயிலுவுக்கு அது பைத்தியமாகத் தோன்றவில்லை. போன் அடித்தால் ஓடினாள். புது நம்பர் என்றால் வாசலுக்குப் போய் எடுத்தாள். கடன் வேண்டுமா என்று எவனோ கேட்பான்.

மதுரையிலிருந்து ஆள் வந்து சிஸ்டங்களைத் துடைத்துச் சுத்தமாக்கினான். கிளியும் மயிலும் திரும்பி வந்தன. யானை வடக்கே போனது. சன்மானத்தை வாங்க ஒருவனும் வரவில்லை. ஊர் மறந்துவிட்டது.

ஐப்பசியில் நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ஆர்டர் போல ஒரு மெயில் வந்தது. வெயிலு தட்டினாள். திரை ஒரு தடவை கறுத்து வெளுத்தது. அதே கரிசல் காடு. ஓரத்தில் அவள் வரைந்த பெண், அவள் வரைந்தபடியே கையை உயர்த்தி நின்றாள். அவன் பார்த்திருக்கிறான்! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகுதான் ஆட்டைப் பார்த்தாள். ஆடு திரும்பவில்லை. முதுகைக் காட்டித் தூரத்தில் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது. மேலே, 'செவலை ஆடு' என்றிருந்த இடத்தில், அவள் எழுதிய அதே சிவப்பு எழுத்தில், ஒரு லட்ச ரூபாய் என்று இருந்தது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் கூப்பிட்டதாக நினைத்தாள். அவன் கண்ணுக்கு, அக்கா தன் கையாலே தம்பி தலைக்கு விலை எழுதியிருக்கிறாள். அன்றைக்கு வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றவள், இன்றைக்கு அறைந்தவனோடு சேர்ந்துகொண்டாள். அவன் வேறு எப்படி நினைப்பான்? இல்லலே, அப்படி இல்லலே என்று சொல்ல அவளிடம் ஒரு நம்பர்கூட இல்லை. திரை முழுக்கக் காடு மூடிக்கிடந்ததால், வந்த மெயிலுக்குப் பதில் போடவும் வழியில்லை.

திரையில் ஆடு ஒவ்வொரு அடியாக நகர்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் படத்தை விட்டே போய்விடும். அடுத்த மேஜையில் அண்ணாச்சி போனில் யாரிடமோ காகித விலை பேசிக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து நின்றாள்.

"ஏலே இசக்கி!" என்று கூப்பிட்டாள். காட்டில் நின்று கூப்பிடுகிற குரல் அது. "ஏலே, திரும்பிப் பாருல!"

அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர்கள்கூட நிமிர்ந்தார்கள். அண்ணாச்சி திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். காதிலிருந்த போனை மெதுவாக இறக்கினார். அவர் முகத்தில் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வருவது அவளுக்குத் தெரிந்தது.

தெரிந்தும், இன்னொரு தடவை கூப்பிட்டாள்.