வெயிலில் தளர்ந்த கட்டு

உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலைக்கு மேல்மாடி கட்டும் வேலையை மேற்பார்க்கிறேன். காலைப் பெரட்டில் ஆள் எண்ணி முடிந்ததும், மூங்கில் சாரத்தில் முதலில் நானே ஏறி மிதித்துப் பார்ப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு வாரம் விடாமல் மூடுபனி. அந்த ஈரத்திலேயே புதுச் சாரம் கட்டினோம். அடுத்த நாள் நல்ல வெயில். நண்பகலில், சாந்து சுமக்கும் பார்வதி ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

“பலகை கிறீச்சுன்னு கத்துதுங்க ஐயா.”

“காலையில நான்தானே ஏறிப் பாத்தேன்?” என்று அதட்டிவிட்டு ஏறினேன். மூன்றாவது தட்டில் கால் வைத்ததும் மூங்கில் ஒரு முழம் சறுக்கியது. ஜன்னல் நிலையைப் பிடித்துத் தொங்கினேன். மேசன் மருதை ஏணி வைத்து இறக்கினார்.

அதே ஏணியில் திரும்ப ஏறி, சறுக்கிய கட்டின் கயிற்றைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை, முடிச்சும் அவிழவில்லை. ஆனால் கயிற்றுக்கும் மூங்கிலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தது. எப்படி? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாரம் கட்டும் அதே தேங்காய்த் தும்புக்கயிற்றை நனைத்து, இரண்டு மூங்கில் துண்டுகளை இறுகக் கட்டி, வீட்டு அடுப்புக்கு மேல் தொங்கவிட்டேன். காய்ந்ததும் கட்டு தொளதொளவென்று ஆடியது. ஈரத்தில் உப்பியிருந்த கயிறு, காய்ந்தால் மெலிந்துவிடுகிறது!

இப்போது காய்ந்த கயிற்றால்தான் கட்டுகிறோம். வெயில் ஏறியதும் எல்லாரையும் இறக்கிவிட்டு, ஒவ்வொரு கட்டிலும் விரல் விட்டுப் பார்க்கிறேன். ஒருநாள் நான் பார்த்த பிறகும் பார்வதி தன் விரலை விட்டுப் பார்த்தாள். ஏன் என்று கேட்டேன்.

“உங்க விரலு தடிப்புங்க ஐயா.”

அன்றிலிருந்து கடைசிச் சோதனை அவளுடையதுதான்.