ராணியக்கா தூண்டில் போட்ட ஞாயிற்றுக்கிழமை

கடந்த செவ்வாய் காலை அந்தமானில், பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் நின்றிருந்தேன். எதிர்க்கரை சாத்தாமிலிருந்து வந்த ஃபெர்ரியைக் கட்டிவிட்டு, கயிறு பிடிக்கும் தெலுங்குக்காரர் என்னிடம் வந்தார். "மேடம், ராணி தீதி நஹீ ரஹீ" என்றார். ராணியக்கா இல்லை. முந்தின நாள் நெஞ்சுவலி என்று தாமே ஃபெர்ரி ஏறி மருத்துவமனைக்குப் போனவர், தாம் முப்பது வருஷம் வேலை பார்த்த அதே வார்டில் விடியற்காலையில் காலமாகிவிட்டார். உடலைப் பெரிய ஃபெர்ரியில் கொண்டுவருகிறார்கள் என்றும் அவர் சொன்னார். அன்று நான் அலுவலகம் போகவில்லை.

ராணியக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்தவர். சிறுமியாகக் கப்பலில் வந்து நிக்கோபாரின் கட்சால் தீவு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தார். நர்ஸ் படிப்பு முடித்துப் போர்ட் பிளேருக்கு வந்தார். நான் விருதுநகர்க்காரி. கப்பல் டிக்கெட் அலுவலகத்தில் குமாஸ்தா. இருவரும் தினமும் ஒரே ஃபெர்ரியில் அக்கரைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். முதல் நாளே பக்கத்தில் உட்கார்ந்து, "என்னா புள்ள, காலையிலேயே இப்பிடி மூஞ்சி? ஆஃபீஸ் கதவ தொறக்கறப்ப வச்சுக்கலாம், இப்ப சிரிங்க" என்றார். அப்படித்தான் பழக்கம்.

அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு நாள் போதும். ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஞாயிறு.

என் கணவர் இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. மகள் நித்யாவைப் பெண் பார்க்க போர்ட் பிளேர் லம்பா லைனிலிருந்து ஒரு குடும்பம் அன்று மாலை நான்கு மணிக்கு வருவதாக இருந்தது. நல்ல இடம், உள்ளூர். ஒரு வாரமாக நான் தூங்கவில்லை. துவைத்த திரைச்சீலையையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தேன். காலை ஆறரைக்கு அக்கா இரண்டு மூங்கில் தூண்டில்களோடு வாசலில் நின்றார்.

"நாலு மணிக்குத்தான வராங்க? சலோ, மீன் புடிக்கப் போவம்."

"அக்கா, இன்னிக்கா? உங்களுக்கென்ன கிறுக்கா?"

"இங்க இருந்தா நீங்க அந்தத் திரைச்சீலைய இன்னொரு தரம் தொவைப்பீங்க."

நித்யா உள்ளிருந்து, "போயிட்டு வாங்கம்மா, நான் கேசரி பண்ணிக்கிறேன்" என்றாள். கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் அரை மணி, பிறகு மேட்டில் நடை. கைவிட்ட கல்குவாரியில் மழைத் தண்ணீர் தேங்கி உண்டான சின்ன ஏரி அது. சுற்றிலும் பாக்கு மரங்கள், தண்ணீரில் அல்லி இலைகள். அந்தமானில் தண்ணீரைக் கண்டால் யாருக்கும் வரும் சந்தேகம் எனக்கும் வந்தது. "முதலை இருக்குமா?" என்றேன்.

"இது மேட்டுத் தண்ணி. முதலைக்கு மூட்டுவலி, ஏறி வராது" என்றபடி அக்கா மண்புழுவைக் கொக்கியில் கோத்தார். பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டுதான் தக்கை. அது அசைந்தால் பொறு, முங்கினால் இழு. பாடம் அவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்தில் அவர் எட்டு ஜிலேபி மீன் பிடித்தார். எல்லாம் உள்ளங்கை அகலம். எனக்கு ஒன்றுமில்லை. பிறகு என் தக்கை முங்கியது. இழுத்தேன். வெள்ளியாகத் துடித்துக்கொண்டு ஒன்று வெளியே வந்தது. "மாட்டிக்கிச்சு! அக்கா, மாட்டிக்கிச்சு!" என்று கத்தினேன். எதிர்க்கரையில் கொக்குகள் எழுந்து பறந்தன. என் குரல் அவ்வளவு உரக்க எழும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. மீனை எடுத்துக் கொடுக்க வந்த அக்கா வழுக்கி, இடுப்பளவுச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். தூக்கப் போன நானும் விழுந்தேன். "அரே, முதலை கேட்டீங்களே, ரெண்டு வந்திருச்சு பாருங்க!" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கரையேறி, அவர் கொண்டுவந்திருந்த தேங்காய் ரொட்டியையும் சம்பலையும் தின்னும்போது கேட்டார்: "இந்தச் சம்பந்தத்துக்கு நித்யா என்னா சொல்லுச்சு?"

"சரின்னுதான் சொன்னா."

"நீங்க கேட்டீங்களா, இல்ல சொன்னீங்களா?"

நான் ரொட்டியில் இன்னும் கொஞ்சம் சம்பலை வைத்துக்கொண்டேன். அவர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. "எனக்குப் பத்தொம்பது வயசுல மாப்புள வந்தப்ப, அப்பா ரப்பர் பால் காயாத கையோட வந்து, 'ஒனக்கு எது வேணும் புள்ள?'ன்னு கேட்டாரு. நர்ஸ் படிக்கணும்னேன். அவரு கேக்கலன்னா நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு ரொட்டியைப் பிட்டார்.

பகல் ஒரு மணிக்கு வீடு சேர்ந்தோம். கதவைத் திறந்த நித்யா, தலை முதல் கால் வரை சேறாக நின்ற எங்களையும் மீன் வாளியையும் பார்த்துத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆயிற்று. நின்ற இடத்திலேயே கேட்டேன்: "நித்யா, உனக்கு எது வேணும்?"

சிரிப்பு நின்றது. உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். கார் நிக்கோபாரில் பள்ளி ஆசிரியை வேலைக்கான உத்தரவு. இரண்டு வாரமாக ஒளித்து வைத்திருக்கிறாள்.

"ஏண்டி சொல்லல?"

"நீங்க தனியா ஆயிடுவீங்கன்னுதாம்மா."

"தனியாவா?" என்றார் அக்கா, சேலை நுனியில் காய்ந்த சேற்றைத் தட்டிக்கொண்டே. "நான் என்னா பொம்மையா?"

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அப்புறம் முகம் கழுவிக்கொண்டு லம்பா லைனுக்குப் போன் செய்தேன். பையனின் அம்மா கோபித்துக்கொண்டார். அது நியாயம்தான். அக்கா போனை வாங்கி, மனதார மன்னிப்புக் கேட்டார். அதோடு விட்டிருக்கலாம். "மீன் நெறையக் கெடக்குங்க, சும்மா சாப்புட்டாவது போங்களேன்" என்றார். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

அன்று மாலை ஜிலேபி மீன் வறுவலோடு, விருந்தாளிகளுக்காகச் செய்த கேசரியையும் பஜ்ஜியையும் தின்று தீர்த்தோம். வாசனை பிடித்து வந்த பக்கத்து வீட்டு வங்காளி அம்மா, முள் எடுப்பதில் நாங்கள் யாருமே தேறவில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்த மாதம் நித்யா கப்பல் ஏறினாள். அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒன்பது வருஷத்தில் மழை விடாத ஞாயிறுகள் தவிர மற்றவை எங்களுடையவை. ஓய்வு பெற்ற பிறகும் என்னை அனுப்பிவைக்கக் காலையில் ஜெட்டிக்கு வருவார். கடைசி வரை என்னைவிட அதிக மீன் பிடித்தார். அதை ஃபெர்ரி முழுக்கச் சொல்லவும் சொன்னார்.

செவ்வாயன்று அக்காவை அவர் வீட்டுக் கூடத்தில் கிடத்தினார்கள். வார்டு நர்ஸுகள் யூனிஃபார்மிலேயே வந்திருந்தார்கள். கார் நிக்கோபாரிலிருந்து வர நித்யாவுக்கு ஹெலிகாப்டரில் இடம் கிடைக்கவில்லை. வீடியோ காலில் வந்தாள். போனை அக்காவின் முகத்தருகே பிடித்தேன். பள்ளித் தாழ்வாரத்தில் நின்றபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பள்ளி மணி அடித்தது.

"பெரியம்மா, கிளாஸ் இருக்கு. போயிட்டு வரேன்" என்றாள்.

அவள் தன் போனை அணைக்காமலே பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு நடந்திருக்க வேண்டும். திரை இருண்டது. சத்தம் மட்டும் வந்தது. நாற்பது நிக்கோபாரிப் பிள்ளைகள் எழுந்து, "குட் மார்னிங் டீச்சர்" என்று கூவினார்கள். கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அணைக்க எனக்கு மனம் வரவில்லை. தூக்கும்வரை போனை அக்காவின் காதருகிலேயே வைத்திருந்தேன்.

கேட்டுக்கொண்டே போங்கள், அக்கா.