மாப்பிள்ளை நிறுத்திய பெல்ட்

என் தங்கையின் கணவருக்கு இன்றுவரை நான் நேரில் நன்றி சொன்னதில்லை. மாப்பிள்ளையிடம் போய் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமலே வருஷங்கள் போய்விட்டன. அதனால்தான் எழுதுகிறேன்.

நெய்வேலியில் நான் கான்ட்ராக்ட் தொழிலாளி. மைன்ஸில் மண்ணைச் சுமந்துகொண்டு ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளிப் போட வேண்டும். அந்த இடத்துக்கு ஷிப்ட் இன்சார்ஜாக ஒருநாள் மாப்பிள்ளையே வந்து நின்றார்.

எங்கள் பக்கத்தில் தங்கை புருஷன் வயதில் சின்னவரானாலும் மாப்பிள்ளை மரியாதை குறையக் கூடாது. அவர் வீட்டுக்குள் நுழைந்தால் நான் எழுந்து நிற்பேன். "உக்காருங்க மச்சான்" என்பார். மைன்ஸில் யார் எழுந்து நிற்பது, யார் உட்காரச் சொல்வது? முதல் நாளே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இங்க சார்னே கூப்புடுங்க மச்சான். வூட்டுக்கு வந்துட்டா பழையபடி இருந்துக்கலாம்." தலையாட்டினேன். உள்ளே சுருக்கென்றது.

கூட வேலை செய்தவர்கள் சும்மா விடுவார்களா? "உனக்கென்னாப்பா, மாப்ள இருக்காரு. குந்திக்கினே சம்பளம் வாங்கலாம்" என்று கிண்டல். நடந்ததோ நேர்மாறு. மழைக்காலத்தில் முழங்கால் சேறு உள்ள இடமாகப் பார்த்து என்னையே போடுவார். மனுஷன் வேண்டுமென்றே செய்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். ஆனாலும் அவர் பேர் கெடாமல் பார்த்துக்கொள்வதில் குறியாக இருந்தேன். மாப்பிள்ளை ஆயிற்றே.

ஒரு திங்கட்கிழமை, மழையில் பெல்ட்டுக்கு அடியில் சுழலும் உருளை ஒன்றில் களிமண் அப்பிக்கொண்டது. பெல்ட்டை நிறுத்திவிட்டுத்தான் சுரண்ட வேண்டும். ஓரமாகப் போகும் கயிற்றை இழுத்தால் நின்றுவிடும். கையை நீட்டவும் செய்தேன். ஆனால் பெல்ட் நின்றால் மேலே பதில் சொல்ல வேண்டியவர் இன்சார்ஜ். நம்மால் அவர் திட்டு வாங்க வேண்டாம் என்று, ஓடும்போதே மண்வெட்டியை விட்டேன். லபக்கென்று இழுத்தது. மண்வெட்டியோடு என் கைகளும் போயிருக்கும். எங்கிருந்தோ ஓடிவந்து கயிற்றை இழுத்தவர் அவர்தான்.

அத்தனை பேர் முன்னால் கிழி கிழியென்று கிழித்தார். ரிப்போர்ட் எழுதி, ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். என் தங்கைக்கு அண்ணன் நான் ஒருவன்தான். அவள் வாட்ஸ்அப்பில் தோட்டின் படத்தை அனுப்பினாள். நான் பதில் போடவில்லை. வேறு மடியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று வீராப்பாகப் படுத்துக் கிடந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் தாம்பூலத் தட்டோடு அவரே அழைக்க வந்தார். முதல் முறையாக நான் எழுந்திருக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"பெல்ட்ட ஏன் மச்சான் நிறுத்தல?"

"நிறுத்தினா உங்க பேரு கெட்டுடும்னுதான்."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் உங்கள சேத்துல போட்டது, சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுறான்னு எவனும் சொல்லிடக் கூடாதுன்னுதான். ரெண்டு பேரும் மத்தவங்களுக்குப் பயந்துகினே இருந்திருக்கோம்."

அதுவரை இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எழுந்து நின்று தட்டை எடுத்துக்கொண்டேன். "உக்காருங்க மச்சான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் குழந்தை என் மடியில் இருந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் வீறிட்டுத் திமிறினாள். மாப்பிள்ளை என் காதருகே குனிந்தார்.

"ரெண்டு கையாலயும் நல்லா புடிச்சிக்கங்க மச்சான்."

குனிந்து பார்த்தேன். என் கைகள் இரண்டும் இருந்தன. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.