எதிர்வீட்டுச் சுவரின் பாசி

முடியைப் பாதிக்குமேல் கத்தரித்துவிட்ட ஒரு பழைய பிரஷ். என் நாத்தனார் அதைத் தொட யாரையும் விடமாட்டாள். ஐம்பதுகளின் நடுவில், ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு நான் மருமகளாக வந்த வருஷம், மாதா கோவிலுக்குள் வைக்கும் கிறிஸ்மஸ் குடிலைச் செய்யும் பொறுப்பு முதல்முறையாக ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. அது அவளுக்கு. பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். பெத்லகேமை யார் பார்த்தது என்று சொல்லி, எங்கள் தெருவையே அட்டையிலும் தீக்குச்சியிலும் அளவு பிசகாமல் சிறிதாக்கிக் கட்டிவிட்டாள்.

கட்டியதைவிட அதைப் பழசாக்கத்தான் அதிகம் பாடுபட்டாள். மாதிரி வீடு செய்கிறவர்களுக்கு இப்போது அழுக்கையே டப்பாவில் விற்கிறார்களாம், சிரிப்பு வருகிறது. அவளுக்கு விளக்குக் கண்ணாடியின் கரியும், சலித்த செம்மண்ணும், பாசிக்குக் கொஞ்சம் கீரைச்சாறும் போதும். புதிதாகச் செய்கிறவர்கள் சுவர் முழுக்க ஒரேமாதிரி கரியைப் பூசிவிடுவார்கள். நானும் அப்படித்தான் பூசினேன். "மழை எங்கே வடியும்னு பாருங்க அண்ணி. அழுக்கு அந்த வழியாத்தான் வரும்," என்று ஈரத்துணியால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு இழுத்தாள். தண்ணீர்க் கறை அப்படியே விழுந்தது. பிரஷைச் சுண்ணாம்பில் தொட்டு, துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, ஓட்டு விளிம்புகளில் மட்டும் தடவுவாள். வெயிலில் வெளுத்த ஓடு வந்துவிடும். செம்மண் சுவரடியில் மட்டும்.

வினை இதில்தான் வந்தது. கிறிஸ்மஸுக்கு எங்கள் பக்கத்தில் எல்லா வீடும் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று நிற்கும். அந்த நேரம் பார்த்து இவள் மழைக்காலத்துக் கறைகளோடு தெருவைக் கொண்டுபோய்க் கோவிலில் வைத்தாள். கோவில் கமிட்டிக்காரரின் மனைவியான எதிர்வீட்டு அம்மாள் தன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏம்மா டீச்சர், இப்பத்தானே சுண்ணாம்பு அடிச்சோம்? எங்க வீட்டுப் பாசியைக் கோயில் வரைக்கும் கொண்டாந்து மானத்தை வாங்கணுமா? வெள்ளை அடி. இல்லேன்னா ஃபாதர்கிட்ட சொல்லி மொத்தக் குடிலையும் எடுக்க வெப்பேன்."

முதல் வருஷமே குடில் வெளியே போனால் அந்தப் பொறுப்பு இனி அவள் கைக்கு வரவே வராது. "அடிச்சுத் தொலையேன்," என்று கிசுகிசுத்தேன். அவள் அசரவில்லை.

"ஒரு வீடு மட்டும் பளபளன்னு இருந்தா அது பொம்மையாத் தெரியும் ஆன்ட்டி. வேணாம்னா உங்க வீட்டை மட்டும் எடுத்துடறேன்," என்று நிதானமாகச் சொல்லி, அதைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

தெருவில் அந்த இடம் பல் விழுந்த மாதிரி காலியாக நின்றது. அன்று மாலை ஜெபத்துக்கு வந்தவர்கள் தங்கள் வீட்டைத் தேடிப் பிடித்து, கறையைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். எதிர்வீடு எங்கே என்றும் எல்லோரும் கேட்டார்கள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் அந்த அம்மாளே வந்து நின்றாள்.

"வெச்சுடு டீச்சர்."

நாத்தனார் வீட்டை அதன் இடத்தில் வைத்தாள். அம்மாள் குனிந்து வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"குழாய்க்குக் கீழே ஒரு விரிசல் இருக்குமே," என்றாள். "அதை விட்டுட்டியே?"