போன விரல்

நான் கால் ஒடிந்து தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். குமுளி மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து, கண்ணாடி குத்தி இரண்டு கண்ணும் போய்விட்டன. அகன்ற தோள், பாதி முகத்துக்குக் கட்டு. யாராவது அருகில் வந்தால் சட்டைப் பொத்தான்களைத் தடவிச் சரிபார்த்துக்கொள்வார்.

'மாயத்தீவு இளவரசன்' என்ற தொடர்கதைப் புத்தகத்தின் பழைய பாகங்களைச் செக்போஸ்ட்டில் காத்துக் கிடந்த நேரங்களில் படித்தவர் அவர். அவர் மனைவி வாங்கிவந்த புதுப் பாகத்தை நான் வாசித்துக் காட்டினேன். இளவரசன் பத்து விரலாலும் பாறையைப் பற்றி ஏறிய இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார்.

"பத்து விரலா? மூணாம் பாகத்துல பூதம் கடிச்சு ஒரு விரல் போச்சே தம்பி. அதுக்கப்புறம் ஒன்பது விரலோடதான சண்டை போட்டான்?"

"மறந்திருப்பாகண்ணே."

"எழுதுனவுகளே மறந்துட்டாகளா? அப்ப அவன் பட்டது யாருக்குத்தான் தெரியும்?"

மேலே வாசிக்கட்டுமா என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வீடு திரும்பும்வரை மறுபடி கதை கேட்கவில்லை.

மூன்றாம் பாகத்தை நானும் படித்திருந்தேன். அந்த விரல் எனக்கும் நினைவில் இல்லை என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.