மறுமுனையில் ஒரு கன்னம்

செம்புக் குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து மூச்சைப் பிடித்து ஊதிவிட்டு, செம்பக்கா முக்காலியிலிருந்து எழுந்து ஓட்டமும் நடையுமாக மறுமுனைக்குப் போகிறாள். சுருள் சுருளாக வளைந்து தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, அந்தப் பக்கம் வெளியே வருகிற குழாய் அது. விட்ட மூச்சு தடங்கல் இல்லாமல் வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். அவள் போய்க் கன்னத்தை நீட்டுவதற்குள் மூச்சு வந்து போய்விடுகிறது. "கொஞ்சம் நின்னு வந்தா என்ன, குடியா முழுகிடும்?" என்று குழாயைத் திட்டிவிட்டு, மறுபடி இந்தப் பக்கம் வந்து உட்காருகிறாள்.

பூவையும் புல்லையும் வேகவைத்து, அந்த ஆவியைச் சுருள் குழாயில் குளிரவைத்து, வாசனைத் தண்ணீரும் எண்ணெயும் இறக்குகிற செம்புப் பானைக்கு வாலை என்று பெயர். அதைச் செய்வதுதான் அவளுடைய தொழில். பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருக்கிறது. தெருவுக்கெல்லாம் அவள் செம்பக்கா. சோப்பு காய்ச்சுகிறவர்களும் ரோஜாத் தோட்டக்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள். வேலைக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் மறுமுனையில் உட்கார ஓர் ஆளுக்குத்தான்.

குழாயை வெறுமனே வளைத்தால் மடங்கிவிடும். அதனால் உள்ளே மணலை இறுக்கி நிரப்பி வளைத்து, பிறகு தட்டித் தட்டிக் கொட்டுவாள். ஒரு பிடி மணல் உள்ளே தங்கிவிட்டால் ஆவிக்கு வழி அடைபட்டு, பானை அடுப்போடு எகிறும். அதற்குத்தான் இந்த ஊதல். நுனியில் ஒரு கோழி இறகைக் கட்டியும் பார்த்தாள். காற்று வருகிறது என்று இறகு சொல்கிறது. முழுசாக வருகிறதா, எங்கேயாவது இடறி வருகிறதா என்று சொல்லத் தெரியவில்லை அதற்கு. உள்ளங்கை அதைவிட மோசம். சுத்தியல் பிடித்துக் காய்த்துப்போன கைக்குப் புயலே அடித்தாலும் தெரியாது. கன்னம்தான் சரி.

வாலையின் மூடியைக் கோதுமை மாவு பிசைந்துதான் ஒட்ட வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். போன வாரம் ஒரு சோப்புக்காரர், "நல்லா இறுக்கமா நாலு போல்ட் போட்டுக் குடுங்கக்கா" என்றார். செம்பக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு வாலை வேணுமா, வெடிகுண்டு வேணுமா? உள்ள ஆவி முட்டினா மாவு பிச்சுக்கிட்டுப் போகும். போல்ட் போட்டா நீங்க பிச்சுக்கிட்டுப் போவீங்க." சோப்புக்காரர் மாவுக்கே ஒத்துக்கொண்டார்.

பழைய வாலையை யாராவது பழுதுபார்க்கக் கொண்டுவந்தால், முதல் வேலையாக ஒவ்வொரு ஒட்டின் மேலும் வெள்ளைக் காகிதத்தைத் தேய்ப்பாள். பென்சிலால் கிறுக்கியதுபோல் கோடு விழுந்தால் அது காரீயம். இறங்குகிற தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்து, உடம்பில் போய்த் தங்கிவிடும். அவள் வெள்ளி கலந்த கம்பியை உருக்கித்தான் பற்றவைப்பாள். அதற்குச் செம்பு சிவக்கச் சிவக்கத் தீ வேண்டும், நேரமும் பிடிக்கும். பிடிக்கட்டும் என்பாள்.

இந்தக் காகிதம்தான் அவள் குடும்பத்தையும் கிழித்தது.

முன்பெல்லாம் மறுமுனையில் அவள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். கன்னத்தில் முள் இருந்தால் மூச்சு சரியாகத் தெரியாது என்று தினமும் மழமழவென்று சவரம் செய்துகொள்வார். "பட்டறைக்குப் போறாரா, பொண்ணு பாக்கப் போறாரா?" என்று பக்கத்துக் கடை தையல்காரர் கிண்டல் செய்வார். இவள் ஊதுவாள். அவர் கண்ணை மூடிக் கன்னத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம் மணல் இருக்கு, மூணாவது சுத்துல" என்பார். தட்டினால் மூன்றாவது சுற்றிலிருந்து மணல் விழும். வேலை முடிந்த பிறகும் சில சமயம், "இன்னொரு தடவை ஊது" என்பார். எதற்கு என்று அவளும் கேட்டதில்லை.

ஒரு நாள் ரோஜாத் தோட்டக்காரர் வாசலில் வண்டியோடு நின்று அவசரப்படுத்தினார். வாலையின் கழுத்தில் ஊசி முனையளவு ஓட்டை. பெரிய தீ மூட்ட நேரமில்லை. தகர வாளி ஒட்டுவதற்கென்று காரீயக் கம்பி ஒன்று ஆணியில் தொங்கியது. ஒரு பொட்டுதானே என்று வீட்டுக்காரர் அதை உருக்கி வைத்துவிட்டார். வண்டியில் ஏற்றப்போகும்போது செம்பக்கா காகிதத்தைத் தேய்த்தாள். கோடு விழுந்தது. தகரம் வெட்டுகிற கத்தரியை எடுத்து, தோட்டக்காரரும் தையல்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கழுத்தை அங்கேயே வெட்டிப் போட்டாள். "இந்தத் தண்ணிய ஊர்ல உள்ள புள்ளைங்க மூஞ்சில தெளிப்பாங்க. தெரிஞ்சேதான செஞ்சீங்க?"

வீட்டுக்காரர் வெட்டுப்பட்ட துண்டைக் குனிந்து எடுத்து, ஓரமாக வைத்தார். அடுத்த மாதமே எங்கோ கடல் தாண்டி, இரும்புத் தொட்டி செய்கிற பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அங்கே எல்லாவற்றையும் மிஷின் சோதித்துவிடுமாம். கன்னத்துக்கு வேலையே இல்லையாம். தாடி வைத்துக்கொண்டு ஒரு படம் அனுப்பினார். அதைப் பார்த்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்கு அவர் வேண்டும். அதில் ஒளிவுமறைவு இல்லை. குழாயில் ஊதும்போதெல்லாம் நெஞ்சு அந்தப் பக்கம் ஓடுகிறது. மறுமுனைக்குத் தையல்காரரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். "ஐயோ, கூசுதுக்கா" என்று முகத்தை இழுத்துக்கொண்டு ஓடியே போனார். "வெட்டினது தப்பில்ல," என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். கொஞ்சம் கழித்து, கேட்காதவர்களிடமும் சொல்வாள்: "அந்தத் தோட்டக்கார ஆளு போனப்புறம் வெட்டியிருக்கலாம்." சொல்ல வேண்டியவரிடம் மட்டும் வாய் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழை உண்டா, இல்லை. அவ்வளவுதான்.

இந்த மாதத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போட்டால் இன்னும் பல வருஷம்.

இன்று ஞாயிறு. ஊதி, ஓடி, திட்டி, மறுபடி உட்காரும்போது போன் அடிக்கிறது. சாப்பிட்டியா என்கிறார். சாப்பிட்டேன் என்கிறாள். தட்டுகிற சத்தம் இல்லையே, குழாய் வேலையா என்கிறார். ஆமாம் என்கிறாள்.

"அந்தப் பக்கம் யாரு?"

"யாருமில்ல. ஏங்க, அன்னிக்கு அந்த ஆளு போனப்புறம் நான் வெட்டியிருக்கணும். எல்லார் முன்னாடியும் உங்கள அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

போனில் மிஷின் இரைச்சல் மெல்ல விலகுகிறது, அவர் எங்கோ தள்ளி நடக்கிறார்.

"நானும் அந்தக் கம்பிய தொட்டிருக்கக் கூடாது," என்கிறார் அவர். பிறகு, வேறு ஏதோ பேச்சுபோல, "காலையில தாடிய எடுத்துட்டேன்."

செம்பக்கா எழுந்து போகிறாள். குழாயின் மறுமுனையில் கட்டியிருந்த கோழி இறகை அவிழ்த்து எறிகிறாள். அங்கே கிடந்த முக்காலியை முந்தானையால் துடைத்து, போனைக் குழாய் வாய்க்கு நேராக அதன் மேல் வைக்கிறாள். இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, நெஞ்சில் இருக்கிற மூச்சு முழுவதையும் குழாய்க்குள் ஊதுகிறாள். இந்த முறை எழுந்து ஓடவில்லை.