திரை ஓரத்தில் நெரிடா

மெர்வின் அதிகம் பேசமாட்டான். கோதுமை ஏற்றிய ரயில்களை ஓட்டியே காலம் தள்ளியவன். எஞ்சினில் தனியாக இருந்து இருந்து அப்படி ஆனானா, அப்படிப்பட்டவன் என்பதால்தான் அந்த வேலைக்குப் போனானா, தெரியாது. எங்கள் ஊரான போர்ட் பிரியில் எங்களைப் போன்ற ஓய்வுபெற்ற கிழவர்கள் மரம் அறுத்துக்கொண்டும் டீ குடித்துக்கொண்டும் பொழுதைப் போக்க ஒரு ஷெட் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் வருவான். யாருடைய உடைந்த நாற்காலிக்காவது புதுக் கால் மாட்டுவான். போய்விடுவான்.

அவன் மனைவி நெரிடா இறந்துபோய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. வீட்டில் இருவருக்கும் பொதுவாக ஒரு பழைய கம்ப்யூட்டர். ஆன் செய்தால் திரையின் ஓரத்தில் இரண்டு பெயர்கள் வரும்: மெர்வ், நெரிடா. அவள் பெயரை அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்கும். அது அவனுக்குத் தெரியாது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் கைப்பையைக்கூடத் திறந்து பார்க்காதவன் அவன். காலையில் பெட்டியை ஆன் செய்துவிட்டுக் கெட்டிலை வைப்பான். தண்ணீர் கொதித்து, டீ போட்டு, ரொட்டியில் வெஜிமைட் தடவி முடித்தால்தான் அந்த இரண்டு பெயர்களும் வந்து நிற்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம். பிறகுதான் தன் பெயரை அழுத்துவது. இதெல்லாம் பிற்பாடு அவனே என்னிடம் சொன்னது.

பெர்த்தில் இருக்கும் மகள் வீடியோவில் கூப்பிட்டால் பேரனின் முகம் பாதிச் சிரிப்போடு அப்படியே நின்றுவிடும். அவளுடைய நச்சரிப்பு தாங்காமல்தான் பெட்டியை ஷெட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான்.

ட்ரெவர்தான் எங்கள் கம்ப்யூட்டர் வைத்தியன். டெலிபோன் இலாகாவில் இருந்தவன், வாய் ஓயாது. உள்ளே சுழன்று சுழன்று களைத்துப் போன டிஸ்கை எடுத்துவிட்டு, சுழலவே சுழலாத புது மாதிரி டிஸ்க் ஒன்றை, எஸ்.எஸ்.டி. என்பதை, போட்டுவிட்டால் பெட்டி பறக்கும் என்றான்.

"உள்ள இருக்கறது அப்படியே இருக்கணும் ட்ரெவ்," என்றான் மெர்வின். அவ்வளவுதான் சொன்னான். ஏன் என்று சொல்லியிருந்தால் என்னவாம்? எங்கள் ஊர் ஆண்களுக்கு அந்த வாய் கிடையாது.

அப்படியே என்றால் படங்களும் கடிதங்களும் என்று ட்ரெவர் எடுத்துக்கொண்டான். மெர்வின் பக்கத்தில் இருந்ததையெல்லாம் பத்திரமாகப் பிரதி எடுத்தான். நெரிடாவின் பக்கத்தைத் தொடவில்லை, செத்தவர்கள் சாமானைக் கிளறக்கூடாது என்பது அவன் கட்சி. புது டிஸ்கில் விண்டோஸை முதலிலிருந்து சுத்தமாகப் போட்டான்.

பழைய டிஸ்குக்கு எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டு ரகசியமும் வெளியே போய்விடக் கூடாது என்று, எடுத்த அன்றைக்கே துளைபோடும் மிஷினில் வைத்து ஓட்டை போட்டுவிடுவோம். உள்ளே இருக்கும் பளபளப்பான தட்டுகளைக் கழற்றி, பழத்தைக் கொத்தக் கிளிகள் வராமலிருக்கப் பின்புறத்து ஆப்ரிகாட் மரத்தில் கட்டித் தொங்கவிடுவோம்.

மறு செவ்வாய் மெர்வின் வந்தான். ட்ரெவர் பட்டனை அழுத்தினான். கண்ணை மூடித் திறப்பதற்குள் திரை வந்து நின்றது.

"இனிமே கெட்டில் வைக்கக்கூட நேரம் கெடைக்காதுய்யா உனக்கு," என்றான் ட்ரெவர்.

மெர்வின் திரையின் ஓரத்தையே தேடிக்கொண்டிருந்தான். "ரெண்டு பேரு வருமே?"

"அத எடுத்தாச்சு. அதுல யாரும் போறதில்லையே."

"பழைய டிஸ்க்கு?"

 ட்ரெவரின் கண் ஜன்னலுக்குப் போனது. மெர்வினும் பார்த்தான். மரத்தில் தட்டுகள் காற்றில் திரும்பித் திரும்பி மின்னின. மெர்வின் தொப்பியைக் கழற்றினான், திரும்பப் போட்டுக்கொண்டான். அவன் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அழவில்லை.  எனக்குத்தான் ட்ரெவரை ஓங்கி ஒன்று விடலாம் போல வந்தது. ஆனால் பாவம், அவன் நல்லதைத்தானே நினைத்தான்.

முதல்முறையாக வாயைத் திறக்காமல் ட்ரெவர் உட்கார்ந்து ஏதோ தட்டினான். பெட்டியை அணைத்துத் திரும்பப் போட்டான். ஓரத்தில் இரண்டு பெயர்கள் வந்தன: மெர்வ், நெரிடா.

மெர்வின் குனிந்து பார்த்தான். "அழுத்துனா உள்ள போயிடுமா?"

"போயிடும். காலியாத்தான் இருக்கும். பாஸ்வேர்டு எதுவும் போடல."

"போடு."

"என்னன்னு போட?"

"எனக்குத் தெரியக்கூடாது. உனக்கும் தெரியக்கூடாது."

ட்ரெவர் என்னைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தில் கைக்கு வந்ததையெல்லாம் தட்டினான். அவன் திரையை என் பக்கம் திருப்ப, நான் அதை அப்படியே நகலெடுத்து, பாஸ்வேர்டு கேட்ட இரண்டு இடங்களிலும் ஒட்டினேன். நீளமாக இருந்தது, ஒன்றும் மனதில் நிற்கவில்லை. பிறகு அந்தப் பக்கத்தை அழித்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய் நாற்காலிக்குக் கால் மாட்டிக்கொண்டிருந்த மெர்வினிடம், பெட்டி வேகமாக வருகிறதா என்று கேட்டேன்.

"வருது. டீயப் போட்டு வச்சுட்டுத்தான் ஆன் பண்றேன்," என்றான். உளியை எடுத்தான். கொஞ்சம் செதுக்கினான்.

"அவ பேர அழுத்திப் பாத்தேன்," என்றான். "பாஸ்வேர்டு கேக்குது."